யூனிஃபார்ம் வாடகை கம்பெனியில் சேல்ஸ் வேலை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனில் ஆறு வருஷமாக யூனிஃபார்ம் வாடகைக்கு விடும் கம்பெனியில் சேல்ஸ் பார்க்கிறேன். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் பார்க்கும்போது ஒருத்தர், வாட்ஸ்அப்பில் ஒருத்தர், பையனின் பள்ளி வாசலில் இன்னொருத்தர் என்று "அது என்ன வேலை, எனக்குச் சரிப்பட்டு வருமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நின்ற இடத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யூனிஃபார்மைப் போய் யாராவது வாடகைக்கு எடுப்பார்களா?

எடுப்பார்கள், அமெரிக்காவில் இது பெரிய தொழில். நம் ஊர் ஆலைகளில் வருஷத்துக்கு இரண்டு செட் துணி கொடுத்துவிடுவார்கள், துவைப்பது தொழிலாளியின் வீட்டுப் பாடு. இங்கே கார் மெக்கானிக் கடை, லேத் பட்டறை, உணவு ஆலை மாதிரியான இடங்களில் சட்டை பேன்ட்டை ஆளுக்கேற்ற அளவில் நாங்களே கொடுத்து, வாராவாரம் அழுக்கை எடுத்துக்கொண்டு போய், எங்கள் ஆலையில் துவைத்து, பட்டன் போயிருந்தால் தைத்து, ஹேங்கரில் மாட்டிக் கொண்டுவந்து கொடுப்போம். கடைக்காரர் வாரத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டுவார். துணி கடைசிவரை எங்களுடையதுதான்.

வழக்கமாக ஆளுக்கு 11 செட். கேட்டவுடன் எதற்கு இத்தனை என்று தோன்றும். இந்த வாரம் போட 5, துவைக்கப் போனது 5, டிரைவர் வந்து மாற்றுகிற நாளில் உடம்பில் இருப்பது 1. அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொரு துணியின் உள்பக்கத்திலும் பார்கோடோ சிப்போ இருக்கும். அதை வைத்துத்தான் மரியோவின் சட்டை மரியோவுக்கும், டேவிட்டின் சட்டை டேவிட்டுக்கும் திரும்பி வருகிறது.

சட்டை மட்டும் இல்லை. வாசலில் போடும் மேட், கிரீஸ் துடைக்கும் சிவப்பு ஷாப் டவல், மாப், ஏப்ரன், கழிவறைக்கு சோப்பும் பேப்பரும், சில கம்பெனிகளில் முதலுதவிப் பெட்டி வரைக்கும் அதே வண்டியில் போகும். உணவகங்களில் சட்டையைவிட ஏப்ரனும் மேட்டும்தான் ஓடும்.

எந்தக் கம்பெனிகள்?

பெரியது சின்டாஸ். 1929-ல் ஓஹையோவில் ஒரு தம்பதி, ஆலைகள் தூக்கிப்போட்ட பழைய துணிகளைப் பொறுக்கித் துவைத்து விற்க ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைக்கு இந்தத் தொழிலின் தலைப்பெயர். 2017-ல் ஜி அண்ட் கே என்ற இன்னொரு பெரிய கம்பெனியையும் வாங்கிவிட்டார்கள். அப்புறம் 1936-ல் பாஸ்டனில் ஒரு குதிரை லாயத்தில் தொடங்கிய யூனிஃபர்ஸ்ட். அரமார்க்கின் யூனிஃபார்ம் பிரிவு 2023-ல் தனியாகப் பிரிந்து வெஸ்டிஸ் ஆனது. 1889-லிருந்து இருக்கும் ஆல்ஸ்கோ. இவை தவிர ஊருக்கு ஊர் குடும்பக் கம்பெனிகள் உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் பெரியதில் சேர்ந்தால் பயிற்சி நன்றாக இருக்கும், சின்னதில் சேர்ந்தால் துவைக்கும் ஆலைக்குள் நீங்களே போய் வாடிக்கையாளரின் பிரச்சினையை ஒரே நாளில் முடிக்க முடியும். நான் எதில் இருக்கிறேன் என்று இங்கே எழுதவில்லை.

ஒரு நாள் எப்படிப் போகும்?

திங்கள் காலையில் மீட்டிங், போன வாரம் எத்தனை பேரைப் பார்த்தாய், இந்த வாரம் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று. அது முடிந்ததும் கார்தான் ஆபீஸ். உங்களுக்கென்று சில ஜிப் கோடுகளை (நம் ஊர் பின்கோடு மாதிரி) டெரிட்டரியாகக் கொடுத்துவிடுவார்கள். என்னுடையதில் ஹூஸ்டனின் தென்கிழக்குப் பக்கம், டெலிஃபோன் ரோடு சுற்று வட்டாரம், பாசடீனா எல்லாம் வரும். தெரியாத கடைக்குள் நேரே போய்ப் பேசுவது பாதி நாள், போன் போடுவது கால் நாள், மீதியில் ஏற்கெனவே நேரம் வாங்கியவர்களைச் சந்திப்பது.

கடைக்குள் போகிற முன்னாலேயே கண் வேலை செய்ய வேண்டும். நான் முதலில் பார்ப்பது வாசல் மேட். அதன் ஓரத்தைக் காலால் லேசாகப் புரட்டினால் பெரும்பாலும் கம்பெனி பெயர் தெரிந்துவிடும், யாரிடம் எடுக்கிறார்கள் என்று பேசுகிற முன்பே புரியும். பின்பக்கம் அழுக்குத் துணி போடும் கூண்டு இருக்கிறதா, அது வழிகிறதா. வழிந்தால் டிரைவர் ஒழுங்காக வரவில்லை. மெக்கானிக்குகள் நெஞ்சில் இருக்கும் பெயர்ப் பட்டையில் ஒருத்தருக்காவது வேறு யாரோ பெயர் இருக்கிறதா. இருந்தால் புது ஆளுக்கு வாரக்கணக்கில் அளவெடுக்கவே இல்லை, வேலையை விட்டுப்போனவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அந்தப் பையனிடம் "உங்கள் பெயர் என்ன" என்று கேட்டால் அவன் முகத்தில் வருகிற சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அங்கிருந்தே முதலாளியிடம் பேச்சு ஆரம்பமாகிவிடும்.

"வேண்டாம், போ" என்று விரட்டினால்?

நாளுக்கு இருபது முப்பது பேர் சொல்வார்கள். முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும், காரில் வந்து உட்கார்ந்து அடுத்த கடைக்குப் போக மனசு வராமல் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் பெரும்பாலான "வேண்டாம்" உங்களைப் பற்றியது இல்லை. அவர் ஏற்கெனவே வேறு கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அதனால் நான் கேட்கிற ஒரே கேள்வி: "இப்போது இருக்கிற ஒப்பந்தம் எப்போது முடிகிறது?" பலருக்குத் தெரியாது. "தேடிப் பார்த்துச் சொல்லுங்கள், நான் குறித்துவைத்து ஞாபகப்படுத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்கு விரட்டியவர் இரண்டு வருஷம் கழித்து எனக்கு வாடிக்கையாளர் ஆனது பல தடவை நடந்திருக்கிறது.

சம்பளம் எவ்வளவு?

அடிப்படைச் சம்பளமும் கமிஷனும். இங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு அடிப்படை வருஷத்துக்கு 45,000 முதல் 60,000 டாலர் வரை சொல்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், ஊரையும் கம்பெனியையும் பொறுத்து மாறும். கோட்டா என்பது புதிதாக வாரத்துக்கு எத்தனை டாலர் வாடகை கொண்டுவந்தாய் என்ற கணக்கு. வாரம் 100 டாலர் வரும் கடையைப் பிடித்தால், அந்த 100-ன் சில மடங்கு உங்களுக்குக் கமிஷன்.

சேருகிற முன்னால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். வாடிக்கையாளர் சில மாதத்திலேயே பணம் கட்டாமல் நின்றுவிட்டால், கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா? எத்தனை மாதம் வரை? நேர்காணலில் இதைக் கேட்க நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சேல்ஸ் மேனேஜருக்கு நல்ல அபிப்பிராயம்தான் வரும். காருக்குப் பெட்ரோல் செலவுக்கு என்ன தருகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஹூஸ்டன் மாதிரி ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆட்களை மாட்டிவிடுகிற வேலை என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

ஒப்பந்தம் பொதுவாக 3 வருஷம் அல்லது 5 வருஷம். முடிகிற தேதிக்கு 60 அல்லது 90 நாள் முன்னால் எழுத்தில் "வேண்டாம்" என்று சொல்லாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நடுவில் விட்டுப்போனால் மீதி வாரங்களின் வாடகையில் ஒரு பங்கு, பல ஒப்பந்தங்களில் பாதி, கட்ட வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். பத்து மெக்கானிக் உள்ள கடை, மேட், டவல் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 120 டாலர். 5 வருஷத்துக்கு 260 வாரம், மொத்தம் 31,200 டாலர். ஒரு வருஷம் முடிந்து விட்டுப்போக நினைத்தால் 208 வாரம் மிச்சம், அதில் பாதி 12,480 டாலர். வாரம் 120 என்று கேட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் மனதில் இந்த 12,480 இருக்கவே இருக்காது.

கம்பெனி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்துப் பேருக்கு 110 சட்டை, 110 பேன்ட் அளவு பார்த்து, பெயர் தைத்து, முதல் வாரத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதற்குப் போட்ட பணம் பல மாத வாடகையில்கூடத் திரும்பி வராது. அடுத்த மாதமே போய்விடுவார் என்றால் யாரும் இந்தத் தொழில் நடத்த முடியாது. ஆனால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும், அவர் காகிதத்தைத் திருப்புகிற நேரத்தில் வேறு பேச்சுப் பேசி வாங்கக் கூடாது.

நான் அப்படி ஒரு தடவை வாங்கியிருக்கிறேன். முதல் வருஷம், கோட்டா முடிய நாலு நாள் இருந்தது. ஒரு பாடி ஷாப் (அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் கடை) உரிமையாளர் "எத்தனை வருஷம்?" என்று கேட்டார், "அஞ்சு" என்று சொல்லிவிட்டு உடனே சட்டை நிறத்துக்குப் பேச்சை மாற்றினேன். நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினாலு மாதம் கழித்து அவருக்கு மாரடைப்பு வந்து, கடையைப் பாதியாகக் குறைக்க வேண்டியதாகிவிட்டது. எனக்குத்தான் போன் செய்தார். கத்தவில்லை. "அம்மா, நீ அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாமே" என்று ஸ்பானிஷ் கலந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். என் மேனேஜரிடம் போனேன், அவருக்கு மேலே இருப்பவரிடம் போனேன், ஆட்கள் எண்ணிக்கையைக் குறைக்க மட்டும்தான் முடிந்தது. அன்றிலிருந்து கையெழுத்துக்கு முன்னால் நான் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று விஷயத்தைப் பெரிதாக எழுதி அவர் கையில் கொடுக்கிறேன்: எந்தத் தேதியில் முடிகிறது, எந்தத் தேதிக்கு முன்னால் வேண்டாம் என்று எழுத வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு. இதனால் சில விற்பனை கைநழுவிப் போனது உண்மை. ஆனால் இப்போது எனக்கு வரும் புது வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் பழைய வாடிக்கையாளர் சொல்லி வருகிறவர்கள்.

பில்லில் சொன்னதைவிட அதிகம் வருகிறது என்கிறார்களே?

வரும், ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் நீங்கள் நல்ல சேல்ஸ் ஆள்.

ஒரு கியர்பாக்ஸ் கடையில் உரிமையாளர் மேஜை டிராயரைத் திறந்து வேறு கம்பெனியின் பில் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார், ரப்பர் பேண்டே இற்றுப் போயிருந்தது. "இதில் எனக்குப் பாதி புரியவில்லை" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். வாடகை சரி. அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ், எரிபொருளுக்கும் தண்ணீருக்கும் என்று ஒரு தொகை. அடுத்து, கிழிந்து பாழான சட்டைக்கு ஒரு தொகை, காணாமல்போன சட்டைக்கு ஒரு தொகை. பெயர்ப் பட்டை தைக்க ஒரு தொகை. இதற்கெல்லாம் நடுவில் ஒரு பெயர். அதைப் பார்த்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. அந்த ஆள் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறதாம், அவனுக்கும் வாராவாரம் வாடகை போய்க்கொண்டிருந்தது. அவனை நிறுத்தச் சொல்லி யாரும் அந்தக் கம்பெனிக்குச் சொல்லவில்லை, டிரைவரும் அந்த லாக்கரைத் திறந்து பார்க்கவில்லை.

இது எங்கேயும் நடக்கக்கூடிய விஷயம். ஒரு ஆள் 11 செட்டையும் திருப்பித் தராமல் போய்விட்டால், உதாரணத்துக்கு ஒரு துணிக்கு 20 டாலர் என்றால் 22 துணிக்கு 440 டாலர் கடைக்காரர் தலையில். அதனால் நான் கொடுக்கிற அறிவுரை: ஆள் வேலையை விட்டு நிற்கிற அன்றைக்கே துணியை எண்ணி வாங்கிவிடுங்கள், அப்படியே டிரைவருக்கு ஒரு குறிப்பு எழுதி லாக்கரில் ஒட்டுங்கள். ஆள் லீவில் போனாலும் வாடகை ஓடும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சில கடைகளில் இந்த வாடகையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பார்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி, அப்படிப் பிடித்த பிறகு கைக்கு வருவது குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலருக்குக் கீழே போகக் கூடாது. கலிஃபோர்னியாவில் யூனிஃபார்ம் கட்டாயம் என்றால் செலவு முதலாளியுடையது. இதெல்லாம் சேல்ஸ் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குச் செலவே இல்லை" என்று சொல்லி விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்காது.

விற்றதோடு நம் வேலை முடிந்ததா?

காகிதத்தில் முடிந்தது. ஆனால் நீங்கள் சொன்ன வாக்கை வாராவாரம் காப்பாற்றப்போவது ரூட் டிரைவர். விடியற்காலையில் வண்டியை எடுத்து, ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயிலில், அழுக்குத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறவர். புதுக் கடை பிடித்தால் முதல் டெலிவரிக்கு நான் அந்த வண்டியில் கூடவே போவேன். கடைக்காரரிடம் அவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவேன், லாக்கர் எங்கே, நாய் கட்டியிருக்கிற பக்கம் எது, எந்த வாசலில் வண்டியை நிறுத்தலாம் என்று டிரைவருக்குக் காட்டிவிடுவேன். சேல்ஸ் ஆள் முடியாததைச் சொல்லிவிட்டுப் போனால் ஏச்சு வாங்குவது டிரைவர்தான், ஆகையால் செவ்வாய்க்கிழமை வருவான் என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், அவர் ரூட்டில் அந்தப் பக்கம் எந்த நாள் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பெட்ரோலிய எண்ணெய் ஆலைகளுக்கும் விற்கலாமா?

விற்கலாம், ஆனால் அது தனிப் படிப்பு. சாதாரண வேலைச் சட்டை பெரும்பாலும் 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி. தீ பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆலைகளில் தீ தாங்கும் துணி கேட்பார்கள், சுருக்கமாக எஃப்.ஆர். என்போம். திடீர்த் தீக்கு என்.எஃப்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 2112, மின்பொறிக்கு 70இ என்று தனித்தனித் தரம் இருக்கிறது. எந்த ஆபத்துக்கு எந்தத் துணி என்பதை முடிவு செய்வது ஆலையின் பாதுகாப்பு மேனேஜர்தான், சேல்ஸ் ஆள் இல்லை. குளோரின் ப்ளீச் போட்டோ, துணியை மிருதுவாக்கும் திரவம் போட்டோ வீட்டில் துவைத்தால் அந்தத் துணி கெட்டுவிடும். வாடகைக்கு எடுப்பதில் உண்மையான பலன் இருக்கிற இடம் இது.

2005 மார்ச்சில் டெக்ஸஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். எங்கள் வட்டாரத்து ஆலைகளில் பாதுகாப்பு வேலையில் இருக்கிறவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. அவர்களிடம் போய் "எங்கள் சட்டை உங்கள் ஆட்களைக் காப்பாற்றும்" என்று அளந்தால் மரியாதை போய்விடும். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், மற்றதற்கு "கேட்டுச் சொல்கிறேன்" போதும்.

என் ஆங்கிலம் இவர்கள் மாதிரி இருக்காதே?

என்னுடையதும் ஈரோட்டு ஆங்கிலம்தான். மெக்கானிக் கடைகளில் பாதிப் பேருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ், வியட்நாமியக் கடைகளும் நிறைய. யாரும் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, சொன்ன நாளில் போன் செய்தாளா என்று பார்க்கிறார்கள். அளவெடுக்கிற அளவுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளுங்கள்: சட்டை, பேன்ட், இடுப்பு, பெரியது, சின்னது, எண்கள். அது போதும், மரியாதை கூடும்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறேன், எங்கள் ஆபீஸில் சேல்ஸில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். எந்தக் கடைக்குப் போகிறேன் என்பதை ஆபீஸில் ஒருத்தருக்கு அனுப்பிவிட்டுத்தான் இறங்குவேன், மனசு சரியில்லாத இடத்தில் இறங்கவே மாட்டேன். அப்படித் திரும்பி வந்ததற்கு என் மேனேஜர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்கிற மேனேஜர் என்றால் வேறு இடம் பாருங்கள்.

நான் எச்-4 விசாவில் இருக்கிறேன், முடியுமா?

வேலை அனுமதி அட்டை இருந்தால் முடியும். எச்-1பி வேலை விசா வைத்திருப்பவர் கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் அவருடைய மனைவிக்கோ கணவனுக்கோ அந்த அட்டை கிடைக்கும் என்ற விதி 2015 மே மாதம் வந்தது. நானும் அதில்தான் சேர்ந்தேன். அட்டை முடிகிற தேதியைக் கண்ணில் வைத்துக்கொண்டு புதுப்பிக்க முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இந்த வேலைக்கு என்றே ஸ்பான்சர் செய்து யாரும் எச்-1பி எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், அந்த நம்பிக்கையில் வராதீர்கள்.

எத்தனை வருஷம் தாங்கும்?

நிறையப் பேர் முதல் வருஷத்துக்குள் போய்விடுகிறார்கள். என்னோடு சேர்ந்த ஆறு பேரில் இப்போது நான் ஒருத்தி. போனவர்களில் ஒருத்தர் மருத்துவக் கருவி விற்கிறார், ஒருத்தர் சம்பளப் பட்டியல் மென்பொருள் விற்கிறார். கதவு தட்டிப் பழகியவர்கள் என்று அந்தக் கம்பெனிகள் விரும்பித்தான் எடுக்கின்றன. ஒரு வருஷம் ஓட்டிவிட்டால் உங்கள் டெரிட்டரியில் முடியப்போகும் ஒப்பந்தத் தேதிகள் கையில் சேர்ந்துவிடும், அதற்கப்புறம் வேலை பாதி சுலபம்.

முதல் வாரத்துக்கு என்ன தேவை?

எண்ணெய்த் தரையில் வழுக்காத ஷூ. காரில் ஒரு மாற்றுச் சட்டை, மதியத்துக்குள் நனைந்துவிடும். தண்ணீர். துணிக்கடையில் வைத்திருப்பது மாதிரி அளவு டேப் ஒன்று, கம்பெனி தருவது சீக்கிரம் இழுபட்டுவிடும். அளவெடுக்கும்போது ஆள் சொல்கிற இடுப்பளவை அப்படியே எழுதாதீர்கள், முப்பத்திநாலு என்பார், டேப் முப்பத்தெட்டு காட்டும், மற்றவர்கள் காதில் விழாமல் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு காகித டைரி. போனில் எல்லாம் இருக்கிறது என்றாலும் எனக்கு அதுதான் வசதி: இந்த வாரப் பக்கத்தில், மூன்று வருஷம் முன்னால் என்னை உள்ளே விடாத ஒரு ரேடியேட்டர் கடையின் பெயர் இருக்கிறது, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவரே வரச் சொல்லியிருக்கிறார்.